காண்டலும் கருதலும் உரையும்

பொருளை அறிதற்குரிய வழிகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றாக வகுத்தனர் சைவசித்தாந்த நூலோர். கண் முதலிய பொறிகளால் அறிவது காண்டல். அறிந்ததைக் கொண்டு அறியாததை உய்த்துணர்வது கருதல். அறிந்தோர் வாய்ச்சொல்லால் அறிவது உரை. மெய்ப்பொருளாராய்ச்சிக்கென வகுக்கப்பட்ட இப்பாகுபாடு வகுப்பறைக்கும் பெரிதும் பொருந்துவதாகும். கட்புல செவிப்புலச் சாதனங்கள் என இன்று நாம் வழங்குவன யாவும் காண்டலுக்கு உதவுவன. விஞ்ஞானக் கல்வியிலும் வைத்தியக் கல்வியிலும் அவை வளர்ந்த வரலாற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். காண்டலானது மற்றை இரண்டோடும் கூடியபோது கல்வி தழைத்தது. தனித்து நின்றபோது வெறும் வேடிக்கையாய் ஒழிந்தது. இவ்வுண்மையை விழாக் கொண்டாடும் பழைய மாணவர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேனாட்டிலே நெடுங்காலம் வைத்திய மாணவர் பழைய ஏட்டை வாசிக்கக் கேட்டே உடலைப் பற்றி அறிந்தனர். 1543ஆம் ஆண்டில் வெசேலியசு என்னும் பேராசிரியர், தம் கையாலேயே உடலை அறுத்துக் கண்டவற்றைச் சிறந்த படங்களோடு நூலாக்கினார். அதன் பின்னரே ஏட்டில் உள்ளதும் உடலில் உள்ளதும் ஒன்றா என்று வினவும் துணிவு மாணவர்க்கு உண்டாயிற்று. 1658ஆம் ஆண்டில் கொமேனியசு என்பார் சிறுவர்க்கெனப் படநூலொன்றை வெளியிட்டார். ஒவ்வொரு படத்திலும் உறுப்புக்களுக்கு எண் இட்டு, அவ்வெண்களுக்குரிய பெயர்களை இலத்தீன் மொழியிலும் பிள்ளையின் தாய்மொழியாகிய சேர்மன் மொழியிலும் அருகருகே அச்சிட்டார். படமும் தாய்மொழிச் சொல்லும் பிரியாதிருத்தல் வேண்டுமென்பதை அப்பெரியார் அன்றே உணர்ந்திருந்தார்.

அடுத்துவந்த நூற்றாண்டுகளில் சாதனங்கள் பல்கின. ஒளியால் படத்தைச் சுவரில் வீழ்த்தும் விளக்கு 17ஆம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரான்சு நாட்டு வைத்தியராகிய ஒசூ, காகிதக் கூழினால் மனித உடலைச் செய்து, உறுப்பு உறுப்பாகக் கழற்றவும் மீண்டும் பூட்டவும் வழிசெய்தார். 1895இல் றொண்ட்சன் கதிர்ப்படத்தைக் கண்டறிந்தார். 1898இல் டொயன் என்னும் சத்திரவைத்தியர் தாம் செய்த சத்திரசிகிச்சையைச் சலனப்படமாக்கிக் காட்டினார். சினிமா பிறந்து மூன்றாண்டு நிரம்புமுன்னரே அது வைத்திய மாணவர்க்கு ஆசிரியத் துணையாயிற்று என்பது வியக்கற்பாலது.

இனி நம் நாட்டை நோக்குவோம். நம் முன்னோருடைய வைத்தியக் கல்வி செய்யுளாய் அமைந்தது. யாழ்ப்பாணத்து அரசர் காலத்து எழுந்த செகராசசேகரமும் பரராசசேகரமும் அத்தகையன. மாணவன் செய்யுளை மனனஞ் செய்தான். ஆயின் அவன் கண்ணை மூடிக்கொண்டு கற்றானல்லன். குருவுடன் காட்டுக்குச் சென்று மூலிகையைக் கண்டான், மோந்தான், பிடுங்கினான், இடித்தான். நோயாளியின் கையைப் பற்றி நாடி பார்த்தான். மருந்தைப் பொறுத்தமட்டில் காண்டலும் உரையும் அங்கே ஒருங்கிருந்தன. உடலின் உள்ளமைப்பைப் பொறுத்தமட்டில் காண்டல் குறைவாயிருந்தது.

அக்குறையைத் தமிழிலேயே நிறைவிக்க முயன்றவர் அமெரிக்க மிசனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த இவர், மானிப்பாயிலிருந்து வைத்தியப் பணி புரிந்தார். 1864 முதல் தம் மாணவர்க்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். கட்டர் என்பார் எழுதிய, படங்கள் நிறைந்த உடனூலை முதலில் தமிழாக்கினார். 1867இல் இரணவைத்தியமும், 1872இல் கிறே என்பாருடைய பெருநூலின் தமிழாக்கமாகிய மனுஷவங்காதிபாதமும், 1875இல் கெமிஸ்தமும் வெளிவந்தன. கிறேயின் மூலநூல் 1858இல் வெளியானது. அதன் சிறப்பிற் பாதி, படங்களை வரைந்த கார்ட்டர் என்பாருக்கே உரியது. உறுப்பின் பெயரைப் பக்கத்தின் ஓரத்தில் ஒதுக்காது அவ்வுறுப்பின் மீதே அவர் எழுதிவைத்தார். கண் உறுப்பைக் காணும்போதே பெயரையும் காண்கின்றது. அவ்வோவியர் பின்னாளிற் பம்பாயில் வைத்தியராய்ப் பணியாற்றினார் என்பதும் நாம் அறிந்து மகிழத்தக்கதே.

கிறீன் செய்த பெரும்பணி யாது? படத்தைக் கப்பலேற்றிக் கொணர்வது எவர்க்கும் இயலும். படத்திலுள்ள ஒவ்வொரு நரம்புக்கும் என்புக்கும் தமிழ்ப் பெயர் கொணர்வதே அரிது. முதலில் தமிழ் வழக்கில் உள்ள சொல்லைத் தேடினார். அது கிடையாதவிடத்து வடமொழியை நாடினார். அதுவும் இயலாதவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் அமைத்தார். உடலமைப்பியலுக்கு அங்காதிபாதம் என்றும் உடற்றொழிலியலுக்குச் சுகரணம் என்றும் அவர் வழங்கிய பெயர்கள் இன்று வழக்கிறந்தன. எனினும் அவர் வகுத்த நெறி இறந்ததன்று. 1873இல் அவர் தாய்நாடு திரும்பினார். 1870இல் கொழும்பில் தொடங்கிய வைத்தியக் கல்லூரியோ ஆங்கிலத்திலேயே கற்பித்தது. தமிழில் வைத்தியம் கற்பிக்கும் அம்முயற்சி வேரூன்றாது போயிற்று.

இந்நெறியை நம் மாவட்டத்தார் மறத்தற்கில்லை. 1925ஆம் ஆண்டில் இராமகிருஷ்ண மிசன் திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்றபோது அதனைத் தலைமைதாங்கி நடத்திய விபுலாநந்த அடிகள், விஞ்ஞானம் கற்று, விஞ்ஞானம் கற்பித்து, பின் தமிழ்க் கடலில் மூழ்கியவர். சென்னையிலே கலைச்சொல்லாக்கப் பணியிலும் முன்னின்றவர். ஆய்வுகூடமும் அகராதியும் ஒரே கல்விக்கு இரு கைகள் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இன்றைய நிலை யாது? 1979இல் இந்நாட்டிற்குத் தொலைக்காட்சி வந்தது. பின் கணினி வந்தது. இப்போது மாணவன் கையிலுள்ள தொலைபேசியிலேயே இதயம் துடிக்கின்றது, கலம் பிரிகின்றது, கோள்கள் சுழல்கின்றன. இவற்றை இகழ்வது அறிவுடைமையாகாது. இதயத்தின் வால்வு திறந்து மூடுவதை எத்தனை நாள் வாயாற் சொன்னாலும் ஒரு நிமிடச் சலனப்படத்துக்கு ஈடாகாது. ஆயின் அப்படங்களிற் பெரும்பாலான ஆங்கிலத்தில் உள்ளன. பிள்ளை கண்டு வியக்கின்றது. கண்டதைச் சொல் என்றால் வாய் திறவாதிருக்கின்றது. 2020இல் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது இதனை ஆசிரியர் பலரும் உணர்ந்தோம். திரை காட்டும், ஆனால் விளங்காத முகத்தைக் கண்டு நின்று மீண்டும் சொல்லாது.

உயர்கல்வி ஆங்கிலத்தில் இருக்கையில் தமிழ்ப் பெயர் எதற்கு எனச் சிலர் வினவுவர். நம் பிள்ளைகளிற் பெரும்பாலார் உயர்தரம் வரை விஞ்ஞானத்தைத் தமிழிலேயே கற்கின்றனர். கருத்து ஒருமொழியில் தெளிந்தவனுக்கு இரண்டாம் மொழிப் பெயர் ஒரு பெயர் மாத்திரமே. கருத்தே தெளியாதவனுக்கு இரு மொழியும் சுமையே. ஆங்கிலத்தை விலக்குமாறு யாம் கூறவில்லை. கொமேனியசு செய்தவாறு இரு பெயரையும் அருகருகே வைக்குமாறே வேண்டுகின்றோம்.

சாம்பல்தீவுக் கடற்கரைப் பிள்ளைக்கு மீனின் மூச்சுறுப்பு யாதெனக் கேளுங்கள். 'பூ' என்று உடனே விடை வரும். இந்நாட்டு விஞ்ஞான பாடநூலும் அதனைப் 'பூக்கள்' என்றே வழங்குகின்றது. வலையிலிருந்து எடுத்த மீன், தாய் வழங்கிய சொல், பாடநூற் சொல் ஆகிய மூன்றும் அங்கே ஒன்றாகின்றன. அந்தப் பூவின் சிவப்பு நிறம் எதனால் என்று ஆசிரியர் வினவினால் கருதலும் தொடங்கிவிடும். இதற்கு மின்சாரமும் வேண்டா, பெரும்பொருளும் வேண்டா. அண்மையிலுள்ள கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அமைந்திருக்கின்றது. அங்கே சித்த மருத்துவமும் கற்பிக்கப்படுகின்றது. பழைய ஓலையும் புதிய உடனூலும் சந்திக்கும் இடம் நம் வாயிலிலேயே இருப்பது நற்பேறன்றோ!

விழாக் காலத்திற் கல்லூரிக்குக் கொடை வழங்குவது பழைய மாணவர் மரபு. பெருந்திரை ஒன்று வாங்கிக் கொடுத்து, கல்லிற் பெயர் பொறித்துச் செல்வது எளிது. அத்திரை பழுதுற்றால் திருத்துவாரின்றித் துணிபோர்த்துக் கிடத்தலும் நாம் காணாததன்று. திரை வேண்டாம் என்று சொல்லேன்; திரைக்கு ஒரு பங்கு கொடுப்போர் சொல்லுக்கும் ஒரு பங்கு கொடுத்தல் வேண்டும் என்பேன். தமிழ்ப் பெயர் பெரிதாகவும் ஆங்கிலப் பெயர் அதன்கீழும் எழுதிய சுவர்ப்படங்கள். மாணவர் களிமண்ணாலும் காகிதக் கூழாலும் தாமே மாதிரிகள் செய்தற்கு ஓர் அறை. நல்ல சலனப்படங்களுக்குத் தமிழில் விளக்கம் பேசிப் பதிவுசெய்யும் பணி ஆகிய இம்மூன்றையும் செய்விப்போமாக. வைத்தியராயும் பொறியியலாளராயும் உலகெங்கும் வாழும் நம் பழைய மாணவர் இப்பணிக்குத் தம் குரலையே கொடையாகத் தரலாம். இதயத்தைப் பற்றி இக்கல்லூரியிற் பயின்ற இதயவைத்தியரே தமிழிற் சொல்லக் கேட்கும் மாணவன், அத்துறை தனக்கும் எட்டுவதே என்று எண்ணத் தலைப்படுவான்.

ஆசிரியர் கலாசாலைகளிலே கற்பித்தற் சாதனங்களைக் கைப்படச் செய்யப் பயின்ற எம்போன்ற ஆசிரியர் உடனுழைக்க ஆயத்தமாயுள்ளோம். காண்டலுக்குப் பொருள் வழங்கும் அன்பர்கள் உரைக்கும் கருதலுக்கும் உரிய பங்கை மறவாதிருப்பாராக. அதுவே இவ்விழா நம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லத்தக்க நிலைத்த செல்வமாகும்.