கிருமிக்கும் கூலி வேண்டும்!

எண்ணெய் கொட்டிப் பாழான மண்ணைத் திருத்த வழி உண்டா? உண்டு என்கிறது விஞ்ஞானம். நாமும் உண்டு என்றே கூறுகிறோம். எண்ணெயையே உணவாக உண்டு வாழும் கிருமிகள் மண்ணிலும் இருக்கின்றன, கடலிலும் இருக்கின்றன. நோய் தரும் கிருமிகளல்ல. எண்ணெயைச் சிதைத்துக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றும் கிருமிகள். மந்திரமல்ல, மாயமல்ல, இயற்கை நடத்தும் தொழிற்சாலை!

1989 மார்ச்சில் எக்ஸான் வால்டஸ் என்ற கப்பல் அலாஸ்காக் கடலில் பாறையில் மோதிற்று. கரையெங்கும் எண்ணெய் படிந்தது. அந்தக் கரைகளில் உரம் தெளித்தார்கள். உரமிடாத கரையைவிட உரமிட்ட கரையில் எண்ணெய் விரைந்து சிதைந்ததைக் கண்டார்கள். ஆகவே, விஞ்ஞானத்தோடு நமக்கு வழக்கில்லை. விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லி ஏழையின் நிலத்தை ஏய்ப்பவர்களோடுதான் நமக்கு வழக்கு!

கிருமியும் ஒரு தொழிலாளிதான், தோழர்களே! கூலியில்லாமல் அது வேலை செய்யாது. அது கேட்கும் கூலி என்ன? காற்று, ஈரம், தழைச்சத்து, மணிச்சத்து. எண்ணெயில் கரிச்சத்து மலையளவு; தழைச்சத்தோ கடுகளவு. ஆகவே உரமிட வேண்டும். காற்றுப் புகாத ஆழத்தில் கிருமி சோர்ந்துவிடும். ஆகவே மண்ணைக் கிளறிப் புரட்ட வேண்டும். காய்ந்தால் நீர் தெளிக்க வேண்டும். தார் போன்ற கெட்டிப் பகுதியைத் தின்ன அதற்கு நெடுங்காலம் பிடிக்கும். ஆகவே பொறுத்திருந்து, மண்ணை மீண்டும் மீண்டும் எடுத்துச் சோதிக்க வேண்டும். கிளறுவது யார்? சுமப்பது யார்? சோதிப்பது யார்? மனிதர்கள்! கிருமியின் உழைப்புக்குப் பின்னே மனிதனின் உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்புக்குப் பணம் கொடுக்க மனமில்லாதவர்கள்தாம், ‘கிருமி பார்த்துக்கொள்ளும்’ என்று கூறிவிட்டுக் கையைக் கழுவுகிறார்கள்.

சான்று வேண்டுமா? நைஜீரிய நாட்டின் தென்கோடியைப் பாருங்கள். நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் ஒகோனி மக்கள் வாழும் பூமி இருக்கிறது. உழவும் மீன்பிடிப்பும் அவர்கள் தொழில். 1950-களின் கடைசியில் அங்கே எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். எண்ணெய் வெளிநாடு போயிற்று, இலாபமும் போயிற்று. ஒழுகியது மட்டும் ஒகோனி மண்ணில் தங்கிவிட்டது. மக்கள் திரண்டெழுந்தார்கள். 1993-இல் ஷெல் கம்பெனி அங்கே எண்ணெய் எடுப்பதை நிறுத்திற்று. 1995 நவம்பர் 10-ஆம் நாள், அம்மக்களின் தலைவர் கென் சரோ-விவாவையும் தோழர்கள் எட்டுப் பேரையும் தூக்கிலிட்டது இராணுவ ஆட்சி.

பிறகு அந்த மண்ணை ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு ஆராய்ந்தது. 2011-இல் அறிக்கை வந்தது. ஷெல் கையாண்ட முறை என்ன? மேல்மண்ணைக் கிளறி, உரமிட்டு, வரப்பு வரப்பாகக் குவித்து வைத்துவிடுவது. மிச்சத்தைக் கிருமி தின்றுவிடுமாம்! ஆனால் மண்ணில் எண்ணெய் எவ்வளவு ஆழம் இறங்கியிருந்தது? 49 இடங்களில் குறைந்தது 5 மீட்டர்! மேலே ஒரு முழத்தைக் கிளறினால் கீழே இருப்பது என்னாகும்? குவித்த மண்ணின் மீது மழை பெய்தால் எண்ணெய் எங்கே போகும்? ஓடைக்கும் நிலத்தடி நீருக்கும்தானே! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான்.

‘சுத்தம் செய்து முடித்தாயிற்று’ என்று கம்பெனி ஏட்டில் எழுதி வைத்த இடங்களில் 15-ஐச் சோதித்தார்கள். அவற்றில் 10 இடங்களில், கம்பெனியே வகுத்துக்கொண்ட அளவையும் மீறி எண்ணெய் இருந்தது! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஏட்டில் சுத்தமான நிலம் உழவனுக்கு உதவுமா?

சர்க்கார் கம்பெனியும் சளைத்ததல்ல. நிசிசியோகன் ஓகலே என்ற ஊரில், சர்க்கார் எண்ணெய்க் கம்பெனியின் குழாய்க்கு அருகே, நிலத்தடி நீரின்மேல் 8 செ.மீ. கனத்துக்கு எண்ணெய் மிதந்தது. மக்கள் குடித்த கிணற்று நீரில் பென்சீன் என்ற நச்சு, உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவைப்போல் 900 மடங்குக்கும் மேல்!

திருடர்கள் குழாயை உடைக்கிறார்கள் என்று கம்பெனி கூறுகிறது. திருட்டு எண்ணெய் காய்ச்சுவோர் இருப்பதை ஐ.நா. அறிக்கையும் மறைக்கவில்லை. நாமும் அவர்களுக்காக வாதாடவில்லை. ஆனால் முடிக்காத வேலையை முடித்ததாக எழுதியது எந்தத் திருடன்? அதற்குப் பதில் வேண்டும்!

நிலத்தை மீட்க 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம், தொடக்கத்துக்கு மட்டும் 100 கோடி டாலர் வேண்டும் என்றது அறிக்கை. மண்ணைத் தோண்டியெடுத்து, அதற்கென அமைத்த நிலையத்தில் வைத்துத் திருத்த வேண்டும் என்றும் கூறிற்று. அறிக்கை 2011-இல், தொடக்க விழா 2016-இல், நிலத்தில் வேலை 2019-இல்! அறிக்கை வந்தபோது பிறந்த குழந்தை பள்ளிக்குப் போய்விட்டது. மண்வெட்டி அப்போதுதான் மண்ணைத் தொட்டது. 2025-இல் ஷெல், அந்நாட்டின் நிலப்பகுதியில் எண்ணெய் எடுக்கும் தன் கம்பெனியை விற்றுவிட்டது. பெயர்ப்பலகை மாறும், மண்ணில் இறங்கிய எண்ணெய் மாறுமா?

போடோ என்ற ஊர் மக்கள் என்ன செய்தார்கள்? 2008-இல் குழாய் ஒழுகி அவர்கள் கழிமுகம் அழிந்தது. ஒன்றுபட்டு நின்று இலண்டனில் வழக்காடினார்கள். 2015-இல் ஐந்தரைக் கோடி பவுன் இழப்பீடு தர ஷெல் கம்பெனி இசைந்தது. கெஞ்சியதால் கிடைத்ததல்ல, சேர்ந்து நின்று கேட்டதால் கிடைத்தது!

எனவே நாம் கூறுவது இதுதான். எண்ணெய் கொட்டும் இடம் எதுவானாலும், கிருமி வைத்தியத்தை வரவேற்போம். ஆனால் செலவைக் கொட்டியவன் தர வேண்டும். அடிமண் வரை அளந்து பார்க்க வேண்டும். ‘சுத்தம்’ என்று சான்று தருபவர் கம்பெனியின் ஆளாக இருக்கக் கூடாது. சோதனைக் கணக்கை ஊரார் முன் வைக்க வேண்டும். அந்த மண்ணில் இறங்கி வேலை செய்யும் தோழனுக்குக் கையுறையும் காலணியும் முகமூடியும் முழுக்கூலியும் தர வேண்டும்.

கிருமி தன் வேலையில் ஏமாற்றுவதில்லை. ஏமாற்றுவது, அதற்கும் கூலி தராத முதலாளியே!