வேணும்னா மாத்திக்கலாமே!

"டீஃபால்ட்டுனா சும்மா ஆரம்ப செட்டிங்தானப்பா, பிடிக்கலைன்னா மாத்திக்க வேண்டியதுதானே?" லினக்ஸ் தெரிஞ்ச எந்த ஆசாமிகிட்ட கெர்னல் பத்திப் பேசினாலும் கடைசியில இந்த டயலாக்கைத்தான் எடுத்து விடறாங்க. கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. மாத்திக்கப் போறது யாரு சாமி?

நம்மூர்க் கதையையே எடுத்துக்குவோம். 2011-ல தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சப்போ விண்டோஸ் கூடவே பாஸ் லினக்ஸும் வந்துச்சு. பாஸ், சி-டாக் தயாரிப்பு; அடித்தளம் டெபியன். ஆக, டெபியன் கெர்னல் குழு எங்கியோ உக்காந்து ஒரு வசதியைத் திறந்து விட்டா, நடுவுல யாரும் மாத்தாத வரைக்கும் அது சேத்தியாத்தோப்பு பிளஸ் டூ பையனோட பைக்குள்ள வந்து சேரும். அவன் டெர்மினலைத் திறந்து கெர்னல் செட்டிங்கை மாத்துவானா? ஜோக் அடிக்காதீங்க.

உதாரணம் சொல்றேன். யூசர் நேம்ஸ்பேஸ்னு ஒரு வசதி. சாதாரண யூசர் தனக்குன்னு ஒரு குட்டி உலகத்தை உருவாக்கி, அதுக்குள்ள ரூட் மாதிரி நடந்துக்கலாம். கன்டெய்னருக்கு ரொம்ப உபயோகம். ஆனா அதுவரைக்கும் ரூட் மட்டுமே தொட்ட கெர்னல் கோடை இனிமே எவன் வேணும்னாலும் நோண்டிப் பார்க்கலாம். டெபியன் இதை ரொம்ப நாள் சாதாரண யூசருக்கு மூடியே வெச்சிருந்தது. 2021-ல, டெபியன் 11-ல, திறந்து விட்டாங்க. 2022 ஜனவரியிலேயே சிவிஇ-2022-0185 வெளியாச்சு. ஃபைல் சிஸ்டம் கோடுல ஓட்டை. சாதாரண யூசர் அந்த ஓட்டைக்குப் போக வழி இதே யூசர் நேம்ஸ்பேஸ்.

அவங்க தரப்பும் இருக்கு. பிரவுசர் சாண்ட்பாக்ஸுக்கு இது தேவை. இல்லைன்னா ரூட் உரிமையோட ஓடற ஒரு துணை புரோகிராம் வைக்கணும், அதுவும் வம்புதான். சரி, பிரவுசருக்கு வேணும்னா பிரவுசருக்குத் திறங்க. ஊருக்கே எதுக்கு? உபுன்டு 24.04-ல (2024) அப்ஆர்மர் புரொஃபைல் இருக்கற புரோகிராமுக்குத்தான் முழு உரிமைன்னு கட்டுப்படுத்தினாங்க. (2025-ல குவாலிஸ் ஆளுங்க அதையும் சுத்திப் போக மூணு வழி காட்டினாங்க, அது தனி சோகம்.)

பிகாம் படிக்கறவனுக்கு இதுல என்ன வேலைன்னு கேட்கறீங்களா? என்பிஎஸ் பென்ஷன்ல நாமளா சேர்ந்துட்டு, பணத்தை எதுல போடறதுன்னு சொல்லாம விட்டா ஆட்டோ சாய்ஸ். பங்குச் சந்தையில அதிகபட்சம் 50 சதவீதம். 35 வயசுக்கு மேல அதுவும் குறைஞ்சுகிட்டே வரும். தேர்ந்தெடுக்காதவனை மனசுல வெச்சுப் போட்ட டீஃபால்ட் அது. ரிஸ்க் எடுக்கத் தெரிஞ்சவன் தானே போய் மாத்திக்கறான்.

கெர்னல்லயும் அதைத்தான் கேட்கறேன். கன்டெய்னர் ஓட்டத் தெரிஞ்சவருக்கு ஒரு வரி கமாண்ட் போட்டுத் திறக்கவும் தெரியும். புது ஆப்ஷனை டீஃபால்ட்டா ஆன் பண்ணி அனுப்பாதீங்கன்னு லைனஸ் டோர்வால்ட்ஸே பல வருஷமா டெவலப்பர்களைத் திட்டிட்டு இருக்கார். எழுதினவனுக்குத் தன் வசதி தங்கமாத்தான் தெரியும்!

டிரைவர் கதை வேற. வைஃபை டிரைவரை மாட்யூலா போட்டு வெச்சா, அந்த ஹார்டுவேர் இருந்தாத்தான் மெமரியில ஏறும். அதை எல்லாம் தாராளமா அள்ளிப் போடுங்க, யார் வேண்டாம்னாங்க?