கைதட்டலோடு சேர்த்துத்தான் கேட்க வேணும்

1955 செப்டெம்பர் 29, பேர்லின். மிலானின் லா ஸ்காலா குழு, டொனிசெட்டியின் 'லூசியா டி லாமெர்மூர்' ஒபேராவைப் பாடியது. லூசியாவாக மரியா கல்லாஸ். இசையை நடத்தியவர் கராயன். வானொலியால் பதிவான அந்த இரவைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்.

குறைகளை முதலில் சொல்லிவிடுவம். ஒலி மோனோ; மேடைச் சத்தமும் கேட்கும். அந்தக் கால வழக்கப்படி ஒரு காட்சியையே வெட்டியிருக்கினம். டொனிசெட்டி எழுதியதை முழுசாக் கேட்க விரும்புறவைக்கு இது காணாது.

ஆனால் ஆறு பேர் சேர்ந்து பாடும் இடத்துக்கு வாருங்கள். கட்டாயக் கல்யாணத்துக்கு லூசியா கையெழுத்து வைத்த கையோடு காதலன் உள்ளே வாறான். ஆறு பேரும் தங்கள் தங்கள் மனசைப் பாடுகினம். முடிந்ததும் சனம் விடேல்ல. கராயன் அதை மறுபடி பாட வைக்கிறார். கதை அப்படியே நிற்குது. நாடகமாகப் பார்த்தால் அது பிழைதான். எங்களுக்கு அப்படித் தெரியேல்ல. பெல் கான்டோ குரலை நம்பி எழுதப்பட்ட கலை; அந்தக் குரலுக்குச் சபை குடுக்கிற பதிலும் அதில் பாதி.

பிறகு பைத்தியக் காட்சி. 1953 இல் செரஃபின் நடத்திய ஸ்டூடியோப் பதிவில் கல்லாஸின் குரல் இன்னும் திடம். பேர்லினில் அது மெலிந்து, ஒவ்வொரு சுர அசைவிலும் ஒரு பெண்ணின் புத்தி நழுவுறது கேட்குது. வித்தை காட்டுற எண்ணமே இல்லை.

புதிதாகக் கேட்கிறவை ஸ்டூடியோப் பதிவில் தொடங்கலாம். கதை விளங்கின பிறகு பேர்லினுக்கு வாங்கோ. கைதட்டலை மட்டும் தாண்டிப் போகாதீங்கோ.