பாம்பு வளைக்கும் பக்கத்து வீட்டுக்காரர்

ஓசூர் - ராயக்கோட்டை ரோட்டில் இருக்கும் எங்கள் உத்தனப்பள்ளியில் 'பைப்' என்றால் எல்லோருக்கும் போர்வெல்தான் ஞாபகம் வரும். என் பக்கத்து வீட்டு நண்பருக்கு மட்டும் புகைக்குழாய். பகலில் ஓசூர் பட்டறையில் சைலன்ஸர் பைப் வளைக்கிறார். ராத்திரி வீட்டில் அதையே 24-ல் ஒரு பங்காக வளைக்கிறார். ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டு வருகிறவர்கள் உண்டு. சுருக்கிக் கொண்டு வருகிறவர் இவர் ஒருத்தர்தான்!

வண்டி, ஃபோர்டு ஜிடி 40. 1966-ல் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸில் முதல் மூன்று இடத்தையும் அள்ளிக்கொண்டு போனது. அதன் பிளாஸ்டிக் மாடல் பெட்டியிலேயே குழாயும் இருக்கிறது. ஆனால் அச்சில் வார்த்தது. நடுவில் தழும்பு, வாய் அடைப்பு, மொத்தத்தில் கொழுக்கட்டை.

"பொக எந்தப் பக்கமாண்ணா போவும்?" என்று நிஜமாகவே கவலைப்பட்டார்.

அந்தக் குழாய்க்கு ரேஸ்காரர்கள் வைத்த செல்லப் பெயர் 'பாம்பு மூட்டை'. எட்டு சிலிண்டர், பக்கத்துக்கு நாலு. அவை இடம் வலம் என்று ஒழுங்காக மாறி மாறி வெடிக்காது. ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து ரெண்டு வெடித்து வைக்கும். அதனால் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ரெண்டு குழாயை எதிர்ப்பக்கம் கடத்தி, நாலு நாலாகச் சேர்த்தார்கள். நீளமும் கிட்டத்தட்ட சமமாக இருக்கவேண்டும். அப்போதுதான் முன்னே போகிற புகை, பின்னே வருவதையும் இழுத்துக்கொண்டு போகும். பி.காம். மூளைக்கு இது உடனே எட்டியது. ரெண்டு பக்கமும் டேலி ஆகணும். குறுக்கே போகிற நாலும் கான்ட்ரா என்ட்ரி!

ரேஸ் குழாய் ஒன்றே முக்கால் இஞ்ச் என்று வையுங்கள். 44.45 மி.மீ. அதை 24-ஆல் வகுத்தால் 1.85. எஞ்சினோடு சேரும் தகட்டுக்குக் காலாவதியான ஏ.டி.எம். கார்டை வெட்டலாமே என்று யோசனை சொன்னேன். "அது 0.76 இருக்குண்ணா. நெஜத்துல 18 மி.மீ. ஆயிரும். புல்டோசருக்குத்தான் போடலாம்" என்றார். அப்புறம் நான் யோசனை சொல்வதில்லை.

முதலில் எடுத்தது சால்டரிங் கம்பி. மாடல் செய்கிறவர்களுக்கு அது செல்லப்பிள்ளை. விரலால் வளைத்தால் வளைந்தபடி நிற்கும், திமிறாது. நாலாவது குழாயின்போது அவர் வீட்டம்மா வந்து நின்றார். ஒன்றரை வயசுப் பையன் தரையில் கிடந்த துணுக்கை வாயில் போட்டிருக்கிறான்.

"ஏங்க, இது என்னா ஈயம்?"

கேட்க வேண்டிய கேள்வி. பாட்டி ரசம் வைத்த ஈயச்சொம்பு வெள்ளீயம். சாதாரண சால்டரில் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். காரீயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்ற அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பையனைத் தூக்கிக்கொண்டு ஓசூருக்கு ஓடினார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வரும் வரை அந்த வீட்டில் டி.வி. சத்தம்கூடக் கேட்கவில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் குக்கர் விசில் அடித்தது.

மேஜை மொட்டை மாடிக்குப் போயிற்று. காரீயம் வீட்டை விட்டே போயிற்று. இப்போது மோட்டார் வைண்டிங் கடையில் வாங்கிய 15 கேஜ் செம்புக் கம்பி. 1.83 மி.மீ., கனகச்சிதம். ஆனால் முரடு. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகுகிறது, நாலு தரம் வளைத்தால் மறுபடி இறுகிவிடுகிறது. திரும்ப அடுப்பு.

"எதுக்குப்பா இந்தப் பாடு?" என்றேன்.

"பட்டறையில மெஷின் வந்திருச்சுண்ணா. அங்க நான் பட்டன்தான் அமுக்குறேன்."

ஆறு பாம்பு முடிந்தது. பாக்கி ரெண்டும் குறுக்கே போகிறவை. எஞ்சின் மூடியைச் சாத்திவிட்டால் இதில் பாதி வெளியே தெரியாதே என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கையில் பழுத்த கம்பி இருந்தது. கேட்கவில்லை.