கூறியது கூறல்

நூற்குற்றம் பத்தென வகுத்த நன்னூலார் அவற்றுள் ஒன்றாகக் 'கூறியது கூறல்' என்பதையும் வைத்தார். மாணாக்கர் கட்டுரைகளில் நாம் நாடோறும் கோடிட்டுக் காட்டும் இக்குற்றம் கணினியின் பதிவேட்டிலும் நிகழ்கின்றது. உயர்தர வகுப்பிலே பைதன் மொழி பாடமாயிருக்கும் இந்நாளில், தமிழாசிரியன் அதுபற்றிப் பேசுதல் வரம்பு கடத்தல் ஆகாது.

சல்லிக் கடற்கரையை எண்ணிப் பார்ப்போம். பத்து வள்ளங்கள் கடலுக்குச் சென்றன எனக் கொள்க. வள்ளம் ஒன்று கரையேறியதும், ஆங்கு நிற்பவன் பொதுப் பதிவேட்டில் ஒரு கோடிட்டுத் தன் தலைவனுக்கும் அறிவிக்கின்றான். தலைவனின் எழுத்தனும் அதே ஏட்டில் இன்னொரு கோடிடுகின்றான். ஐந்து வள்ளங்கள் திரும்பியபோதே ஏட்டிற் பத்துக் கோடுகள் நிறைந்துவிடும். எஞ்சிய ஐந்தைத் தேட எவர் புறப்படுவார்?

பைதனில் நிகழ்வதும் இதுவே. 2003ஆம் ஆண்டு வெளிவந்த பைதன் 2.3 பதிப்பிற் சேர்க்கப்பட்ட 'லொகிங்' என்னும் பகுதியிலே, பதிவாளர்கள் தந்தை மைந்தர் முறையில் அமைவர். 'கடல்.சல்லி' என்பவன் 'கடல்' என்பவனின் மைந்தன்; யாவர்க்கும் மேலே வேர்ப் பதிவாளன். ஒவ்வொருவருக்கும் 'ஹான்ட்லர்' எனப்படும் எழுத்தனை அமர்த்தலாம். மைந்தனிடம் பிறந்த செய்தியை அவன் எழுத்தன் எழுதியபின், அது மேலேறி முன்னோரின் எழுத்தரிடமும் செல்லும். ஈரிடத்தும் எழுத்தர் இருப்பின், ஒரு செய்தி இருமுறை பதியும்.

இதற்கு மருந்தாகப் பலர் 'புரொப்பகேற்' என்னும் பண்பை 'இல்லை' என மாற்றி, செய்தி மேலேறும் வழியையே அடைத்துவிடுகின்றனர். தனியேடு வேண்டிய பகுதிக்கு அது தக்கதே. ஏனைய இடங்களில் அது தலைவனைச் செவிடனாக்கும். ஒத்த வரிகளை ஏட்டிலிருந்து பின்னர் அழித்தலோ இன்னும் தீது. உண்மையில் இருமுறை நிகழ்ந்த பிழையும் அதனால் மறைந்துபோம். கீழுள்ளோர் அறிவிக்க, வேரில் அமர்ந்த எழுத்தன் ஒருவனே எழுதுதல் நன்று என்பது எமது துணிபு.

மருந்திடுமுன் நோய்முதல் நாடல் வேண்டும். எப்போதும் இரண்டாகவே பதியின் மேலேறுதலை ஐயுறுக. ஒன்று இரண்டாகி, மூன்றாகி, நான்காகி வளருமாயின் காரணம் வேறு. ஒரே பெயரால் எத்தனைமுறை அழைப்பினும் வருபவன் அதே பதிவாளனே; அழைக்குந்தோறும் அவனுக்குப் புதிய எழுத்தனைச் சேர்த்தலே அங்குப் பிழை. வழியை அடைப்பினும் அது தீராது.

மாணவர்காள்! பதிவேடு அழகுக்காக எழுதப்படுவதன்று. பின்வருவோர் அதனை நம்பித் தொழிற்படுவர். நிகழ்ந்தது ஒருமுறையெனின் ஏட்டிலும் அஃது ஒருமுறையே நிற்றல் வேண்டும்.