ஆறு மாசக் காருக்கு எதுக்குங்க பாலீஷ்?

பொங்கலுக்கு ஊருக்குக் கார்ல போறப்போ பளபளன்னு போய் இறங்கணும்னு நம்மாளுங்க எல்லாருக்கும் ஆசை. தப்பில்லை. ஆனா ஏலூர்ப் பக்கம் ஆறு மாசக் காரையே 'பெயிண்ட் கரெக்‌ஷன்'னு கொண்டுபோய் விடறதைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது.

புதுக் கார்ல பெயிண்ட் மொத்தமே சுமார் 100லேருந்து 150 மைக்ரான். அதுல மேல இருக்கிற கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான். தலைமுடியை விட மெலிசு! வெயில்லேருந்து கலரைக் காப்பாத்தறது அதுதான். கரெக்‌ஷன்னா கீறலை அடைக்கிறது இல்லீங்க, கீறலோட ஆழம் வரைக்கும் சுத்தியிருக்கிற கிளியர் கோட்டையே தேய்ச்சு எடுக்கறது. போனா போனதுதான்.

ஏலூர், 1947ல ஃபாக்ட் உற்பத்தி தொடங்கின நாள்லேருந்து ஆலை ஊரு. ஆலைத் தூசி, லாரி பிரேக்லேருந்து வர்ற இரும்புத் துகள்னு எல்லாம் பெயிண்ட்ல ஒட்டிக்கும். தடவினா உப்புத்தாள் மாதிரி இருக்கும். அது அழுக்கு, கீறல் இல்லை. இரும்புத் துகளைக் கரைக்கிற ஸ்பிரேயும் கிளே பாரும் போதும், மெஷின் வேண்டாம். அப்படியும் கீறல் உறுத்தினா, மீட்டர் வெச்சுக் கனம் அளந்து காட்டற கடையாப் பாருங்க.

அந்த வட்டக் கீறல் எங்கேருந்து வருதுன்னு நினைக்கறீங்க? காலங்காத்தால காய்ஞ்ச துணியால தூசியோட தேய்க்கிறோமே, அதுலேருந்துதான். எங்க வாட்ச்மேன் சேட்டனுக்கு ரெண்டு வாளியும் மைக்ரோஃபைபர் துணியும் வாங்கிக் குடுத்தேன். முதல்ல முறைச்சார் :-)