பிசுபிசுக்கும் பெயிண்ட்டுக்கு என்ன வைத்தியம்?

பொங்கலுக்குள் மர சாமான்களுக்குப் பெயிண்ட் அடித்துவிட வேண்டும் என்று மார்கழியில்தான் நமக்கெல்லாம் ஞாபகம் வரும். கடலூர், சிதம்பரம் பக்கத்தில் இதற்கு ஆகாத மாதம் அதுதான்! ராத்திரியில் பனி, பகலில் கடலின் ஈரக்காற்று. பத்து நாளாகியும் ஸ்டூலில் உட்கார்ந்தால் புடவை ஒட்டிக்கொள்ளும். தொட்டில் கட்டையைப் பிடித்த குழந்தையின் கையெல்லாம் பெயிண்ட்.

ஏன் காய்வதில்லை? எனாமல் பெயிண்ட் துணி மாதிரி உலர்வதில்லை. முதலில் அதில் கலந்த டர்பன்டைன் ஆவியாகும். பிறகுதான் அதிலுள்ள எண்ணெய்ப் பசை காற்றிலிருந்து பிராணவாயுவை இழுத்துக் கெட்டிப்படும். ஈரமும் குளிரும் அதைத் தாமதப்படுத்தும். கனமாகப் பூசினாலோ, பால் ஏடு கட்டுவதுபோல் மேலே காய்ந்து உள்ளே பச்சையாக நிற்கும். மரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும், சிக்கனமென்று மண்ணெண்ணெய் கலந்தாலும் இதே கதிதான்.

செய்ய வேண்டியது:

1. முதலில் ஒரு வாரம் பொறுங்கள். ஜன்னலைத் திறந்து, ஃபேன் காற்றில் வையுங்கள். கடும் வெயிலில் போட வேண்டாம்.

2. பிறகு நகத்தால் அழுத்துங்கள். தடம் பதிந்தால் சுரண்டித்தான் ஆக வேண்டும். பவுடர் தூவுவதோ, மேலேயே இன்னொரு கோட் அடிப்பதோ வீண் வேலை.

3. பட்டித் தகட்டால் வழித்து, டர்பன்டைன் நனைத்த துணியால் துடையுங்கள். ஒரு நாள் உலரவிட்டு உப்புத்தாள் போடுங்கள். பிறகு பிரைமர், அது காய்ந்ததும் மெல்லிசாக இரண்டு கோட், நடுவே ஒரு முழு நாள் இடைவெளி. காலை பத்திலிருந்து மூன்று மணிக்குள் அடித்தால் பனிக்குத் தப்பலாம்.

தாய்மார்கள் கவனிக்க! பழைய தொட்டில், நடைவண்டியின் அடிப்பூச்சில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாதென்ற சட்டம் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. ஈயத் தூள் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே பழைய பூச்சை உலர்ந்தபடி தேய்க்காதீர்கள். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, வீட்டுக்கு வெளியே, குழந்தைகள் இல்லாதபோது தேய்த்து, தரையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

டர்பன்டைனைக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். தப்பித் தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள். பெயிண்ட் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயப்போட்டு அப்புறப்படுத்துங்கள்.

இன்னொன்று. 2011 டிசம்பர் 30-ல் அடித்த தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் ஏராளமாகச் சாய்ந்தன. அப்படி விழுகிற பச்சை மரத்தைக் காயவிடாமல் சாமான் செய்தால் எந்தப் பெயிண்ட்டும் நிலைக்காது. மரம் காய்ந்ததா என்று ஆசாரியிடம் கேட்டே வாங்குங்கள்.

பண்டிகை அவசரம் இல்லையென்றால் இந்த வேலையை மாசி, பங்குனிக்குத் தள்ளிப்போடுங்கள். குழந்தை வாய் வைக்கும் தொட்டில் கம்பிக்குப் பெயிண்ட்டே இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது!